நெடுந்தீவின் கடைசிப் படகு: போய் வந்தவர்கள் எழுதுங்கள்

மடிப்பாக்கத்துக்காரன்:
யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் துறை உங்கள் எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன ஆடியில் யாழ்ப்பாணத்தில் மூன்று நாள். முதல் நாள் கோட்டையும் நல்லூரும். இரண்டாம் நாள் நயினாதீவும் நெடுந்தீவும் ஒன்றாக என்று தாளில் எழுதியது நான்தான். காலையில் நயினாதீவில் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, திரும்பி வந்து நெடுந்தீவுப் படகில் ஏறினோம். ஒரு மணி நேரக் கடல். பெருக்க மரப் பொந்துக்குள் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தோம். கட்டாக்காலிக் குதிரைகளைத் தேடி ஆட்டோவில் அலைந்தோம். நெடுந்தீவின் மாவிலித் துறைக்கு வந்தபோது கடைசிப் படகு விலகிவிட்டது. தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு 71 வயது. இரவு மாத்திரை யாழ்ப்பாணத்து அறையில் கிடந்தது. அம்மா என்னை ஒரு சொல் சொல்லவில்லை. பவளக்கல் மதிலில் உட்கார்ந்து, படகு புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் தந்து பாய் விரித்தார்கள். விடியும்வரை அம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தேன். அந்தத் துறையில் நின்றவர்களே, உங்களுக்கு என்ன நேர்ந்தது?

தீவகத்தாள்:
அண்ணா, தாளில் பிழையில்லை, மாதத்தில்தான் பிழை. ஆடியில் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, அடிக்கும். அந்தக் காற்றில் படகோட்டி துறையில் காத்து நிற்கமாட்டார். நயினாதீவுத் திருவிழாவுக்கு ஒவ்வொரு ஆனியும் போகிறவள் நான். ஒருமுறை படகின் அடித்தட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அலை ஏறி விழுந்ததும் முன்பின் தெரியாத ஒரு பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்தது. கரை தட்டியும் விடவில்லை. நகம் பதிந்த தழும்பு இரண்டு நாள் இருந்தது.

கடற்காகம்:
தங்கச்சி, காற்றின்மேல் பழி போடாதீர்கள். மாசி, பங்குனியில் கடல் குளம்போலக் கிடக்கும்போதும் ஆட்கள் படகைத் தவறவிடுகிறார்கள். போன பங்குனியில் நானே தவறவிட்டேன், அவ்வளவுதான் என் கதை. இனிப் போகிறவர்கள் கேளுங்கள். நயினாதீவுக்கு அரைநாள் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து 776 பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கிருந்து கால் மணி நேரம். நெடுந்தீவுக்குத் தனி நாள் வையுங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்குங்கள், குதிரைகள் வெயில் தாழ்ந்த பிறகுதான் நன்றாகத் தெரியும். துறையில் காலை வைத்ததுமே திரும்பும் படகு எப்போது என்று படகுக்காரரிடமே கேளுங்கள், ஆட்டோக்காரரிடம் அல்ல. மாத்திரை, தண்ணீர், சில்லறை மூன்றும் கைப்பையில் இருக்கவேண்டும். இன்னொரு நாள் ஊர்காவற்றுறையில் பாதை என்கிற மிதவைப் படகு ஏறிக் காரைநகருக்குப் போங்கள். நடுவில் கடற்கோட்டை தெரியும், பின்னேரம் கசூரினாக் கடற்கரையில் இருக்கலாம். நான்கு நாளுக்குக் குறைத்தால் தீவகத்தை ஓடி ஓடித்தான் பார்ப்பீர்கள்.

மடிப்பாக்கத்துக்காரன்:
ஐயா, நான் திட்டம் கேட்கவில்லை. அந்தத் துறையில் நின்றவர்களுக்கு என்ன நேர்ந்தது என்றுதான் கேட்டேன்.

பனங்கூடல்:
தம்பி, நான் சொல்கிறேன். நான் நெடுந்தீவில் பிறந்து, இப்போது வெளிநாட்டில் இருப்பவன். இருபது வருடம் கழித்துப் பிள்ளைகளோடு போனேன். நானும் ஒரு வாரத்துக்கு நேரம் பார்த்துத் திட்டம் போட்டுத்தான் வந்திருந்தேன். நடுக்கடலில் பக்கத்தில் இருந்த ஆச்சி கைகூப்பினார். எந்தக் கோபுரமும் தெரியவில்லை. என்ன ஆச்சி என்று மகள் கேட்டாள். “குமுதினி” என்றார். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போன எங்கள் ஊர்ச் சனத்தைக் கடலிலேயே வெட்டிக் கொன்றார்கள். அவளுக்கு அதுவரை நான் சொன்னதில்லை. ஆச்சி மடியில் இருந்த பையிலிருந்து ஒரு செவ்வரத்தம்பூவை எடுத்து அவள் கையில் வைத்து, தண்ணீரில் விடச் சொன்னார். மகள் குனிந்து விட்டாள். குறிகட்டுவானில் வான் நமக்காகக் காத்திருக்கும் என்று மனைவி சொன்னாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.