மூச்சைக் கவனிக்கவே பயந்த எனக்கு யோகா எப்படி ஒத்துப்போச்சு

கொரோனாவுக்கு அப்புறம் யோகாவால மனசு லேசாச்சுன்னு நிறைய பேர் சொல்றீங்க, சந்தோஷமா இருக்கு. எனக்கு முதல்ல பயம்தான் கூடுச்சு, இதே மாதிரி ஆகி பாதியில விட்டவங்க இருப்பாங்கன்னுதான் எழுதுறேன்.

2021 மே, ரெண்டாவது அலை, மதுரையில பெட் கிடைக்கல, அம்மாவை வீட்லயே வச்சுப் பார்த்தோம். ஆக்ஸிஜன் 94க்குக் கீழ போகக் கூடாதுன்னு டாக்டர் போன்ல சொல்லியிருந்தாரு. நம்பர் இறங்க ஆரம்பிச்சா உடனே கழுத்துக்கு ஒண்ணு, நெஞ்சுக்கு ஒண்ணு, முழங்காலுக்குக் கீழ ரெண்டுன்னு தலகாணி வச்சு குப்புறப் படுக்க வைப்போம், விடிய விடிய ஆக்ஸிமீட்டரையே பார்த்துக்கிட்டு இருப்பேன். அம்மா பொழைச்சுட்டாங்க, ஆனா எனக்குத் தூக்கம் போயிடுச்சு, லேசா மூச்சு வாங்கினாலே விரல்ல மாட்டுற அந்த ஆக்ஸிமீட்டர் கிளிப்பைத் தேடுவேன்.

மனநல டாக்டரைப் பார்த்தேன், மாத்திரையோட யோகாவும் பண்ணுங்கன்னாரு. கிளாஸ்ல மகராசனம் வந்துச்சு, குப்புறப் படுத்துக் கண்ணை மூடி மூச்சைக் கவனிங்கன்னாங்க, அவ்வளவுதான், வேர்த்துக் கொட்டி கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. டீச்சர் பக்கத்துல வந்து உக்காந்து, "கொரோனா நேரத்துல வீட்ல யாருக்கும் முடியாம இருந்துச்சாம்மா?"ன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் சொன்னேன்.

அதுக்கப்புறம் எனக்கு மட்டும் எல்லாத்தையும் மாத்திட்டாங்க. படுக்கவே வேணாம், நின்னுக்கிட்டு கண்ணைத் திறந்தே கையைத் தூக்கும்போது மூச்சு உள்ள, இறக்கும்போது வெளிய, கவனம் கையில இருந்தா போதும், மூச்சை அடக்குற பயிற்சி எதுவும் கிடையாது. கொஞ்ச நாள் கழிச்சு பிராமரி, வண்டு மாதிரி ம்ம்ம்னு ரீங்காரம் பண்றது. அந்த சத்தத்துக்காகவே வெளிமூச்சு தானா நீளும், வெளிமூச்சு நீண்டா இதயத்துடிப்பு மெதுவாகும், காது சத்தத்துல இருக்குறதால மனசு நம்பர் பக்கம் போறதில்ல. எனக்குப் பிடிமானம் கிடைச்சது அதுலதான்.

சொந்தக்காரங்க சிலர் "அதான் யோகா பண்றியே, மாத்திரை எதுக்கு"ன்னாங்க, நான் கேக்கல, டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சேன். தயவுசெஞ்சு நீங்களும் யாரோ சொன்னாங்கன்னு நிறுத்திடாதீங்க. டாக்டர்கிட்ட போகத் தயக்கமா இருந்தா 14416க்கு போன் பண்ணலாம், 2022ல வந்த டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண், மத்திய அரசோடது, காசில்ல, தமிழ்லயே பேசலாம்.

புதுசா சேர்றவங்க உங்க பயம் என்னன்னு டீச்சர்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க. சவாசனத்துல, அதான் மல்லாந்து அசையாம படுக்குறது, கண்ணை மூடினா படபடப்பு வர்றவங்க யாராவது இருக்கீங்களா, எனக்கு அது இன்னும் முழுசா சரியாகல, நீங்க என்ன பண்றீங்கன்னு சொல்லுங்க.