தடுப்பூசி விகிதம் சமமாக இருந்தால் பாகுபாடு இல்லை என்று கொள்ளலாமா?

கேள்வி:
ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தடுப்பூசிப் பதிவேடுகளைத் தொகுத்து வருகிறேன். எல்லாத் தவணைகளையும் பெற்றவர்களின் விகிதம் ஆண், பெண் இரு பாலாரிடமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. ஆனால் பெண் குழந்தைகளைத் தாமதமாகவே அழைத்து வருகிறார்கள் என்று செவிலியர்கள் தொடர்ந்து சொல்கிறார்கள். பாகுபாடு இல்லை என்று அறிக்கையில் எழுதலாமா?

பதில் 1:
எழுத வேண்டாம். உலக அளவிலான சராசரிகளிலும் இரு பாலாருக்கிடையே பெரிய வேறுபாடு தெரிவதில்லை; ஆனால் விகிதம் தாமதத்தை மறைத்துவிடும். ஒவ்வொரு தவணையும் போடப்பட்ட தேதியைப் பாருங்கள். ஒன்பதாம் மாதத்தில் போட வேண்டிய தட்டம்மைத் தடுப்பூசியைப் பதினைந்தாம் மாதத்தில் போட்டுக்கொண்ட குழந்தையும் உங்கள் கணக்கில் ‘பெற்றவர்’தான், தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்பாற்றல் குறைந்துவிட்ட அந்த இடைப்பட்ட மாதங்களில் அக்குழந்தை பாதுகாப்பின்றி இருந்ததை எந்த விகிதமும் காட்டாது. பிறந்த மருத்துவமனையிலேயே போடப்படும் பிசிஜி எனும் காசநோய்த் தடுப்பூசியில் வேறுபாடு அரிது. வேலையை விட்டுவிட்டு மீண்டும் மீண்டும் வர வேண்டிய தவணைகளில்தான் குடும்பத்தின் மனம் வெளிப்படும். பிறப்பு வரிசையையும் சேர்த்துப் பிரித்துப் பாருங்கள். தெற்காசிய ஆய்வுகளில், ஏற்கெனவே அக்காக்கள் உள்ள பெண் குழந்தைகளே கூடுதலாகப் பின்தங்கியிருந்தனர்.

பதில் 2:
இறப்புக் கணக்கையும் இப்படியே அணுக வேண்டும். ஒரே விதமான பராமரிப்பு கிடைக்கும் சூழலில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே சற்று அதிகமாக இறக்கிறார்கள். அது உயிரியல் இயல்பு. ஆகவே இரு பாலாரின் இறப்பு விகிதமும் சமமாக இருப்பதே எச்சரிக்கை. எடை பார்க்கும்போதும், உலக சுகாதார அமைப்பு 2006இல் இரு பாலாருக்கும் தனித்தனியாக வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைகளையே பயன்படுத்துங்கள்.

பதில் 3:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் குழந்தையின் பாலினத்தோடு நின்றுவிடக் கூடாது. தனியாக வெளியே செல்லவும் பயணத்துக்குச் செலவழிக்கவும் பிறருடைய அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய தாயின் மகனும் தவணையைத் தவறவிடுகிறான். முகாம் வேலை நேரத்தில் மட்டுமே நடந்தால் குற்றம் குடும்பத்தினுடையது மட்டுமன்று. குழந்தையை அழைத்து வந்தவர் யார் என்பதையும் குறித்து வையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பல குழந்தைகளுக்குத் தடுப்பூசி அட்டையே இல்லை. தேதிக்கு என்ன செய்வது?

பதில் 1:
அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் தாமதத்தைக் கணக்கிட்டு, அதை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். அட்டை இல்லாதவர்களை விட்டுவிடாமல் பால்வாரியாக எண்ணுங்கள். மகனின் அட்டையைப் பத்திரப்படுத்தி மகளின் அட்டையைத் தொலைத்த வீடுகள் மிகுந்திருந்தால், அதுவும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.