பட்ஜெட்டுக்குள் வீட்டை அழகுபடுத்திய அனுபவங்கள்

ஈரோட்டிலிருந்து:

தங்கைக்கு நிச்சயம் வைத்ததும் வீட்டைக் கொஞ்சம் புதுசாக்கலாம் என்று பேச்சு வந்தது. அப்பா ஒதுக்கியது 60,000 ரூபாய். ஹால், ஒரு படுக்கையறை, பெயிண்ட், திரைச்சீலை, விரிப்பு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

கடைக்குப் போகும் முன்பே டேப்பை எடுத்துச் சுவரை அளந்தேன். பட்ஜெட் நின்றதற்கு அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன். ஹால் 15-க்கு 12, உயரம் 10 அடி. நாலு சுவரும் 540 சதுர அடி, கதவு ஜன்னல் போக 460. படுக்கையறை இதே கணக்கில் 380. ஆக 840. எமல்ஷன் பெயிண்ட் ஒரு லிட்டர், இரண்டு கோட்டுக்கு ஏறக்குறைய 60 சதுர அடி வரும் என்று வைத்தால் 14 லிட்டர் போதும். பெயிண்டர் அண்ணன் 20 லிட்டர் பக்கெட் கேட்டிருந்தார். கணக்கைக் காட்டியதும், "சரிங்க தம்பி, பத்தும் நாலும் எடுத்துக்கலாம், பத்தலைன்னா ஒரு லிட்டர் வாங்கிக்கலாம்" என்றார். மெஷினில் நிறம் கலந்து வாங்கியதைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார் என்பதால் இது முக்கியம். அடர்ந்த நிறம் கேட்டால் விலையும் ஏறும், மூன்றாவது கோட்டும் தேவைப்படலாம். இரண்டு அறைக்கும் ஒரே வெளிர் நிறம் என்று முடிவு செய்ததில் நல்ல மிச்சம்.

கூலி பேசும்போது பட்டி (சுவரைச் சமப்படுத்தப் பூசுவது), பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), தேய்ப்பது எல்லாம் சேர்த்தா, தனியா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம். சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசினால் பாதி வேலையில் "பட்டி தனிங்க" என்று வந்து நிற்கும்.

திரைச்சீலை கரூர் துணி. 4 அடி அகல ஜன்னலுக்கு 4 அடித் துணி வாங்கினால் விரித்த வேட்டி மாதிரி தட்டையாகத் தொங்கும். கொசுவம் விழ இரண்டு மடங்கு அகலம் வேண்டும். மடித்துத் தைக்க உயரத்தில் ஒரு அடி கூடுதல். தையல் கூலி, வளையம், கம்பி எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிவிட்டேன். தரைக்குப் பவானி ஜமக்காளம். புவிசார் குறியீடு பெற்ற நெசவு, பக்கத்து ஊர்தான். இயந்திரக் கார்ப்பெட்டுக்குக் கொடுக்கும் காசு அந்தத் தறிக்காரர்களுக்குப் போகட்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன்.

நடுவில் சித்தி வந்து, "ஒரு சுவருக்கு வால்பேப்பர் ஒட்டினா போட்டோவுக்கு நல்லாருக்கும்ல?" என்றார். அம்மாவுக்கும் ஆசை. சரி, ஒன்று சேர்த்தால் செலவுப் பட்டியலிலிருந்து ஒன்றை நீக்க வேண்டும் என்று சொன்னேன். அம்மா யோசித்துப் பார்த்து, பட்டியலில் இருந்த புது ஷோகேஸை நீக்கினார். வால்பேப்பர் வந்தது, 60,000 தாண்டவில்லை.

வேளச்சேரியிலிருந்து:

நாங்கள் வாடகை வீடு. ஆணி அடிக்கவே ஓனரிடம் கேட்க வேண்டும். அதனால் எங்கள் விதி ஒன்றே ஒன்று: அடுத்த வீட்டுக்குக் கூடவே வராத எதற்கும் செலவில்லை. விளக்கு, செடி, மெத்தை விரிப்பு, கழற்றக்கூடிய திரைக்கம்பி, அவ்வளவுதான். குழல் விளக்கின் வெள்ளை வெளிச்சத்தை அணைத்துவிட்டு ஹால் மூலையில் மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு நிற்கும் விளக்கு வைத்தோம். பெயிண்ட் அடிக்காமலே அறை மாறியது.

தஞ்சாவூரிலிருந்து:

ஈரோட்டுத் தம்பியின் கணக்கோடு ஒன்று சேர்க்கிறேன். அளப்பதற்கு முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப்பக்கம் குளியலறை. பெயிண்ட் உப்பி உதிர்ந்துகொண்டே இருந்தது. பிளம்பர் உடைத்துப் பார்த்தால் குழாய் இணைப்பில் கசிவு. ஈரம் இருக்கிற சுவரில் எவ்வளவு விலையுள்ள பெயிண்ட் அடித்தாலும் நிற்காது. ஃபால்ஸ் சீலிங்குக்கு வைத்திருந்த பணத்தில் குழாயைச் சரி செய்து, சுவர் நன்றாகக் காயும்வரை காத்திருந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயிண்ட் வேலை வைக்காதீர்கள். பொங்கல் நெருங்கினால் பெயிண்டர் கிடைப்பதும் சிரமம். மாசி, பங்குனி வெயிலில் சுவரும் காய்ந்திருக்கும், ஆளும் கிடைப்பார்கள், கூலியும் நிதானமாகப் பேசலாம்.