ஹாலிஃபாக்ஸ் பக்கம் ஷுபெனகாடி ஆறு: அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஸ்காபரோ_சிவா

வணக்கம் உறவுகளே. ஆடி அமாவாசையை ஒட்டி வருகிற வாரத்தில் கிழக்குக் கனடாவில் இருக்கிற ஹாலிஃபாக்ஸுக்கு ஐந்து நாள் போகிறோம். நான், மனைவி, 13 வயதில் மகன், 9 வயதில் மகள், அப்புறம் 71 வயது அம்மா. அங்கே ஷுபெனகாடி என்று ஓர் ஆறு, கடல் தண்ணீர் ஆற்றுக்குள்ளே எதிர்த் திசையில் அலையாக ஏறிவரும், அந்த அலையில் ரப்பர் போட்டில் கூட்டிப் போவார்கள் என்று மகன் எங்கேயோ வீடியோ பார்த்துவிட்டு ஒரு மாதமாக உயிரை வாங்குகிறான். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், போட்டில் ஏற்ற முடியாது. அவவைத் தனியாக ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உண்மையிலேயே அவ்வளவு பெரிய அலையா, இல்லை வீடியோவில் மட்டும்தானா? போட்டில் ஏறாதவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது?

டார்ட்மத்_வாசி

தம்பி, நான் இந்தப் பக்கம் பதினைந்து வருஷமாக இருக்கிறேன், வருகிற விருந்தாளிகளையெல்லாம் இந்த ஆற்றுக்குக் கூட்டிப் போய் அலுத்துப் போன ஆள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹோட்டல், கார் எல்லாம் போட்டுவிட்டு ஆற்றுக்கு எப்போது போகலாம் என்று பார்க்காதீர்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு மற்றதை அதற்கேற்ற மாதிரிப் போடுங்கள். இங்கே கடல் வற்றுவதும் பெருகுவதும் (வற்று, பெருக்கு என்போம்) சேர்ந்து ஒரு சுற்றுக்குச் சுமார் 12 மணி 25 நிமிஷம், அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். இன்றைக்குக் காலை பத்துக்கு வந்த அலை ஒரு வாரம் கழித்துப் பின்னேரத்தில் வரும்.

அது ஏன் இங்கே மட்டும் இப்படி என்று மகன் கேட்பான், சொல்லி வையுங்கள். இந்த ஆறு போய்ச் சேருகிற ஃபண்டி வளைகுடாவின் நீளமும் ஆழமும் எப்படி அமைந்திருக்கின்றன என்றால், உள்ளே போன தண்ணீர் ஒருமுறை ஆடித் திரும்புவதற்கு எடுக்கும் நேரமும் வெளிக்கடலின் ஓதம் (இந்த ஏற்ற இறக்கம்தான்) தள்ளுகிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் ஒவ்வொரு தரமும் உயரப் போகுமே, அதேதான். அதனால் வளைகுடாக் கரையில் பர்ன்ட்கோட் ஹெட் என்ற இடத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே 16 மீட்டர் வரை வித்தியாசம் வரும். நம்மூர்க் கடலில் முழங்கால் அளவு ஏறி இறங்குவதைப் பார்த்த கண்ணுக்கு இது நம்ப முடியாத சங்கதி. அந்தத் தண்ணீரில் ஒரு பங்குதான் ஷுபெனகாடிக்குள் ஏறுகிறது. அதன் முன்னணி அலையை ஆங்கிலத்தில் 'போர்' என்பார்கள். சண்டை இல்லை, பயப்படாதீர்கள்.

அம்மாவுக்கு: சவுத் மெய்ட்லண்டில் ஆற்றை ஒட்டிப் பழைய ரயில் பாலத்தின் மிச்சத்தில் ஒரு பார்வை மேடை கட்டியிருக்கிறார்கள், பக்கத்திலேயே ஓதம் பற்றிய சின்னக் காட்சியகமும் உண்டு. ஹாலிஃபாக்ஸிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே நின்றால் அலையும் தெரியும், அதன் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டு போகிற உங்கள் வீட்டு ஆட்களும் தெரிவார்கள். ஒரு மடக்குக் கதிரை கொண்டு போங்கள்.

சேத்துல_கால்

ரெண்டு வருஷம் முன்னாடி இங்கே படிக்க வந்தபோது நண்பர்களோடு போனேன். வீடியோவில் வருவது பொய்யில்லை, ஆனால் அவர்கள் வெட்டி ஒட்டியதில் ஒரு விஷயம் விட்டுப்போகும். முதலில் வருகிற அந்த அலை பெரும்பாலும் முழங்கால் உயரம்கூட இருக்காது, "இதுக்கா இவ்வளவு காசு" என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நிஜமான ஆட்டம் அதற்குப் பிறகுதான். ஆற்றின் நடுவில் மணல் திட்டுகள் இருக்கின்றன, பின்னால் வருகிற வெள்ளம் அவற்றின் மேல் ஏறும்போது வரிசையாக அலை எழும்பும், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆழமாகி அந்த அலை செத்துவிடும், உடனே போட்டோட்டி மோட்டாரை முடுக்கி அடுத்த திட்டுக்குப் போவார், அங்கே மறுபடியும் முதலிலிருந்து. பெரிய ஓத நாளில் அந்த அலைகள் நம்ம தலைக்கு மேலே போகும். வாயைத் திறந்து கத்தினால் ஒரு டம்ளர் செந்நிறத் தண்ணீர் இலவசம்.

நடுவில் கரையோரம் நிறுத்திச் சேற்றில் சறுக்க விடுவார்கள். உங்கள் பசங்களுக்கு அலையைவிட இதுதான் பிடிக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேறு என்றால் நம்ம வயல் சேறு மாதிரி இல்லை, சிவப்பாக, வெண்ணெய் மாதிரி வழுக்கும்.

ரெண்டு எச்சரிக்கை. ஒன்று, நாங்கள் போன நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) பதிவு செய்யும்போது அன்றைய ஓதம் சின்னதா பெரிசா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்கள் நால்வரும் பெரிய அலை வேண்டும் என்று போய் தொட்டில் மாதிரி ஆடிவிட்டு வந்தோம். நான் திரும்ப இன்னொரு மாசம் தனியாகப் போய்த்தான் தலைக்கு மேல் அலை என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். அதனால் கூப்பிட்டுக் கேளுங்கள். 9 வயசுக் குழந்தைக்கு அந்தத் தேதியில் அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், இடத்துக்கு இடம், ஓதத்துக்கு ஓதம் விதி மாறும். ரெண்டு, மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். என்னுடையது இப்போது ஃபண்டி வளைகுடாவில் எங்கேயோ இருக்கிறது.

ஸ்காபரோ_சிவா

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. அமாவாசையில்தானே கடல் பெருகும், அப்படியென்றால் ஆடி அமாவாசை அன்றைக்கே போட்டைப் பதிவு செய்யலாம் என்று வாய் தவறி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "கொப்பர் இல்லாத பிள்ளை, அண்டைக்கு விரதம் இருக்கிறதை விட்டுட்டுச் சேத்துக்கை உருளப் போறியோ" என்று ஒரே பேச்சு. ஊரில் என்றால் அன்றைக்கு அப்பாவுக்காக யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் தீர்த்தமாடி நிற்க வேண்டியவன். அன்றைக்கு விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் எங்கே வாங்கலாம் என்றும் கேட்கிறா, ஹாலிஃபாக்ஸில். யாராவது வழி சொல்லுங்கள், காய்க்கு இல்லை, தேதிக்கு.

டார்ட்மத்_வாசி

அம்மா சொல்வதுதான் சரி, நீங்கள் தைரியமாக விரதம் இருக்கலாம். அமாவாசை, பௌர்ணமி அன்றைக்கே உச்சம் வந்துவிடாது, பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் பிந்தித்தான் வரும். இன்னொன்று, ஃபண்டியில் நிலா பூமிக்குக் கிட்ட வருகிறதா தூரப் போகிறதா என்பதற்கு அமாவாசையைவிட எடை அதிகம். நிலா தூரத்தில் இருக்கும்போது வருகிற அமாவாசை இங்கே பெரிதாக ஒன்றும் செய்யாது. அதனால் நாட்காட்டியை மட்டும் நம்பாமல் கனடா அரசின் ஓத அட்டவணையில் பர்ன்ட்கோட் ஹெட் என்று தேடி, அந்த வாரத்தில் எந்த நாள் உயரம் கூட என்று பாருங்கள். ஒரு நிமிஷ வேலை.

பர்ன்ட்கோட்டுக்கே ஒரு நாள் போங்கள் என்றும் சொல்வேன். வற்றில் படியிறங்கிக் கடலின் அடித்தரையில் நடக்கலாம், செம்பாறை, பாசி, குட்டைகளில் சின்ன நண்டு, நடுவில் மரம் முளைத்த ஒரு பாறைத் திட்டு. ஆறு மணித்தியாலம் கழித்துப் போனால் அந்தத் திட்டு தீவாகி நிற்கும். பலர் வற்றை மட்டும் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அது பாதிப் படம் பார்த்துவிட்டு எழும்பி வருகிற மாதிரி. தண்ணீர் திரும்பத் தொடங்கினால் வேகமாக வரும், அங்கே போட்டிருக்கிற நேரத்துக்குள் மேலே ஏறிவிடுங்கள். ஆற்றங்கரையில் கண்ட இடத்தில் பிள்ளைகளைச் சேற்றில் இறங்க விடவே வேண்டாம், கால் புதைந்தால் எடுக்க முடியாது, தண்ணீர் காத்திருக்காது.

நெடுஞ்சாலை_102

ஃபண்டிக் கரையில் ஹோப்வெல் ராக்ஸ் பாறைகளுக்கும் போகலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அது பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக், போக வர ஒரு முழு நாள். முழங்கால் வருத்தத்தோடு வேண்டாம். அலை மேல் நின்று சறுக்குகிறவர்களைப் பார்க்க ஆசை என்றால் அதே மாகாணத்தில் மாங்டனில் பெட்டிகோடியாக் ஆறு, 1968ல் குறுக்கே தடுப்புக் கட்டியதில் அங்கே அலை செத்துப் போயிருந்தது, 2010ல் மதகுகளைத் திறந்த பிறகு திரும்ப வந்து, 2013ல் இரண்டு பேர் ஒரே அலையில் 29 கிலோமீட்டர் போனார்கள். அதற்கு வேறு பயணம் வையுங்கள்.

மீன்முள்

அம்மாவுக்கும் சின்ன மகளுக்கும் ஷுபெனகாடி வனவிலங்குப் பூங்காவை ஏன் யாரும் சொல்லவில்லை? தட்டையான பாதை, மூஸ், கரடி, நீர்நாய் எல்லாம் உண்டு, பிப்ரவரி 2ஆம் தேதி வசந்தம் எப்போது வரும் என்று ஆருடம் சொல்கிற சாம் என்ற நிலஎலியும் அங்கேதான். நான் தூண்டில் போடப் போகிறவன், வரிமீன் (ஸ்ட்ரைப்ட் பாஸ்) முட்டையிட வருகிற ஆறு என்பதால் விதிகள் கடுமை, அதை இங்கே எழுதினால் நீளும். வெண்தலைக் கழுகு பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் வற்றியிருக்கும்போது கரையைப் பாருங்கள், எண்ணி மாளாது.

ஹாலிஃபாக்ஸில் நிற்கிற ஒரு நாளில் ஃபெரி ஏறி டார்ட்மத் பக்கம் போங்கள், 1752லிருந்து ஓடுகிற சேவை. அங்கிருந்து ஷூபி பூங்கா பக்கம்தான். துறைமுகத்திலிருந்து இந்த ஆற்றின் வழியாக ஃபண்டிக்குப் படகு விட 1826ல் ஒரு கால்வாய் தோண்ட ஆரம்பித்து, காசில்லாமல் நின்று, 1861ல்தான் முடித்தார்கள். 1870ல் மூடிவிட்டார்கள், ரயில் வந்துவிட்டது. அந்தப் பூங்காவில் மிச்சமிருக்கிற கல் மதகுகளைச் சுற்றி நல்ல மரநிழல். கொசு மருந்து மறக்காதீர்கள்.

ஆற்றின் பெயர் இந்த மண்ணின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்கள் வைத்தது, காட்டுக் கிழங்கு விளைகிற இடம் என்று பொருள். ஷுபெனகாடி என்ற ஊரில்தான் 1930 முதல் 1967 வரை அவர்கள் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் வைத்த உறைவிடப் பள்ளியும் இருந்தது. மகனுக்கு 13 வயது என்கிறீர்கள், சொல்லலாம்.

ஸ்காபரோ_சிவா

போய்விட்டு வந்தோம். விரதம் முடிந்து இரண்டாம் நாள் பதிவு செய்தேன், அட்டவணைப்படி அந்த வாரத்தின் பெரிய ஓதம். மகள் வயதுக்கு அன்றைய பெரிய அலைப் பயணத்தில் அனுமதி இல்லை என்றார்கள், ஒரு பாட்டம் அழுகை, பிறகு மனைவியும் அவளும் அம்மாவோடு மேடையில் நின்றார்கள். நானும் மகனும் போட்டில். சேத்துல_கால் சொன்னது முழுக்க உண்மை, நான் கத்தினேன், ஒரு டம்ளருக்கு மேலேயே குடித்தேன்.

மேடையில் நடந்ததை மனைவி சொன்னா. முக்கால் மணித்தியாலம் முன்பே போய்க் கதிரை போட்டு இருந்திருக்கிறார்கள். எதிரே ஒரு மணல் திட்டில் நாலு கழுகு. அலை வந்தது, ஒரு சாண் வெள்ளைக் கோடு. அம்மா, "உதுக்கோ ஸ்காபரோவிலை இருந்து வந்தனாங்கள்" என்று கேட்டிருக்கிறா. கொஞ்ச நேரத்தில் திரும்பிப் பார்த்தால் திட்டையும் காணவில்லை, கழுகையும் காணவில்லை, ஆறு முழுக்கப் பின்பக்கமாக ஓடுகிறது. அதற்குப் பிறகு அவ கதிரையை விட்டு எழும்பவில்லை, காருக்குப் போகலாம் என்று மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்ததாம்.

அடுத்த நாள் பர்ன்ட்கோட்டில் வற்று பார்த்தோம், படியில் அம்மாவால் இறங்க முடியவில்லை, மேலே நின்றே பார்த்தா. மகள் சேற்றில் உருண்டு முந்தைய நாள் கணக்கைத் தீர்த்துவிட்டாள். ஒரே ஒரு சந்தேகம்: மகனின் வெள்ளை டிஷர்ட்டும் சப்பாத்தும் இன்னும் செங்கல் நிறம். மூன்று தரம் தோய்த்தாயிற்று. என்ன செய்யலாம்?

சேத்துல_கால்

வெள்ளையா போட்டு விட்டீர்கள்? ஒன்றும் செய்ய முடியாது அண்ணா. என்னுடையதை இன்னும் வீட்டில் வண்டி துடைக்க வைத்திருக்கிறேன்.