பொருள்: ‘ரெசிஸ்டன்ஸ்’ – திங்கள்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் பற்றிய கையேடு திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. முதலில் தரும் இமாட்டினிப் மாத்திரை பலன் தராவிட்டால் அடுத்து என்ன என்பதுதான் கடைசி அத்தியாயம். மருந்து நோயை அடக்காமல் போகும் ‘ரெசிஸ்டன்ஸ்’க்கு ‘மருந்து எதிர்ப்பு’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நோயாளி ஒருவர், “எதிர்ப்புச் சக்தி வந்தால் நல்லதுதானே?” என்று கேட்டுவிட்டார். வேறு சொல் தாருங்கள்.

மருந்தாளுநர், கோவை:
கடைக்கு வருகிறவர்கள் ‘காய்ச்சல் மாத்திரைக்குக் கேட்கலை’ என்பார்கள். ‘மருந்துக்குக் கேளாமை’ போதாதா?

தமிழாசிரியர், மதுரை:
கேளாமை என்றதும் காதுதான் நினைவுக்கு வரும். ஆனாலும் கொல்லாமை, கள்ளாமை போல நல்ல எதிர்மறைத் தொழிற்பெயர். ‘கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்’ என்ற குறளில் (643) பரிமேலழகர் கேளாரைப் பகைவராகக் கொள்கிறார். அப்படியானால் இந்தச் சொல்லில் பகையும் அடங்கும். அப்புறம், ‘மைலாய்டு’ எதற்கு? அதையும் தமிழாக்கலாமே!

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, சோதனை அறிக்கையில் இருக்கிற பெயரைத்தான் நோயாளி கையேட்டில் தேடுவார். மைலாய்டு இருக்கட்டும்.

மருத்துவர், சென்னை:
எந்தச் சொல்லானாலும் சரி, இரண்டைக் குழப்பாதீர்கள். மருந்து நோயை அடக்காதது ஒன்று. நோய் அடங்கினாலும் வாந்தி, வீக்கம் என்று உடம்பு தாங்காதது இன்னொன்று, அது ‘தாங்காமை’. மூன்றாம் மாதம், ரத்தத்தில் நோயின் அளவைக் காட்டும் பி.சி.ஆர்.-ஏ.பி.எல். 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உடனே கேளாமை என்று முத்திரை குத்த மாட்டோம். மாத்திரையை விடாமல் சாப்பிட்டாரா, கூடவே வேறு ஏதாவது மருந்து எடுத்தாரா என்று விசாரிப்போம். அதே சோதனையை மறுபடி செய்வோம். அதற்கப்புறம் மரபணுவில் மாறுதல் உண்டா என்று பார்க்கும் மியூட்டேஷன் சோதனை. டி315ஐ என்ற மாறுதல் வந்தால் டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் என்ற மாற்று மாத்திரைகள் மூன்றுமே உதவாது. போனாட்டினிப் அல்லது அசிமினிப் தர வேண்டும். சிலருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று. டி315ஐ இல்லாவிட்டாலும் இதயக் கோளாறு உள்ளவருக்கு நிலோட்டினிப் தரத் தயங்குவோம், நுரையீரல் கோளாறு இருந்தால் டாசாட்டினிப் தரத் தயங்குவோம்.

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:
மியூட்டேஷனை நாங்கள் ‘விகாரம்’ என்றுதான் படித்தோம்.

மொழிபெயர்ப்பாளர்:
இங்கே விகாரம் என்றால் முகம் கோணிப்போனது போலக் கேட்கும். பள்ளிப் புத்தகத்தில் ‘திடீர் மாற்றம்’.

தமிழாசிரியர், மதுரை:
அவசரப்படாதீர்கள்! நன்னூல் சொல்லும் புணர்ச்சி விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். மரபணுவில் எழுத்து நுழைவதும் மாறுவதும் விழுவதும் இவைதானே? மருத்துவர் சொன்ன டி315ஐ-யில் புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் ஐசோலூசினாகிறது. அச்சு அசல் திரிதல். விகாரமே பொருத்தம்.

மருந்தாளுநர், கோவை:
பொருத்தம்தான் ஐயா. ஆனால் ‘உங்களுக்கு விகாரம் இருக்கிறது’ என்று நோயாளியிடம் யார் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்:
ஞாயிறு இரவு பதினொன்று. கேளாமைக்கு நால்வர், எதிர்ப்புக்கு இருவர். ‘மருந்துக்குக் கேட்காத நிலை’ என்று போட்டுவிட்டேன். மியூட்டேஷன் ‘மரபணு மாற்றம்’. தாங்காமையை மாற்றவில்லை.

தமிழாசிரியர், மதுரை:
‘நிலை’ வெறும் ஒட்டு. ‘மரபணு மாற்றம்’ என்றால் மரபணு மாற்றிய கத்தரிக்காய்ச் சண்டை நினைவுக்கு வரும். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.