புதுப்பிப்பு: மாலையானால் மட்டும் மகளின் பாதம் திரும்பியது – காரணம் தெரிந்துவிட்டது

காலையில் ஓடியாடும் என் மகள், மாலையானால் இடது பாதம் உள்பக்கம் திரும்பி, தடுமாறி நடக்கிறாள் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அவளுக்கு இருப்பது டோபாவுக்குக் கட்டுப்படும் டிஸ்டோனியா. அதாவது தசைகள் தானாக இறுகி கை காலைத் திருப்பிவிடும்; டோபா மருந்து கொடுத்தால் சரியாகும். செகாவா நோய் என்றும் சொல்வார்கள்.

"காலையிலும் மாலையிலும் ஒரே இடத்தில் நடக்கவைத்து வீடியோ எடுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. மருத்துவரிடம் போனதெல்லாம் காலை நேரத்தில். அப்போது நடையில் பெரிதாக எதுவும் தெரியாது. மாலை வீடியோவில் குதிகால் தரையில் படவே இல்லை, பெருவிரல் மேல்நோக்கி விறைத்து நிற்கிறது. மதியம் தூங்கி எழுந்தால் மறுபடி நன்றாக நடக்கிறாள் என்று சொன்னதும் நரம்பியல் மருத்துவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெருமூளை வாதமாக (மூளைப் பாதிப்பால் சிறுவயதிலேயே வரும் அசைவுக் குறைபாடு) இருக்கலாம் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். அது ஒரே நாளுக்குள் இப்படி ஏறி இறங்குவதில்லையாம்.

எம்.ஆர்.ஐ.யில் குறை எதுவும் இல்லை. அப்புறம் மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா என்ற மருந்தை, அது மூளைக்குப் போய்ச் சேர உதவும் கார்பிடோபாவுடன் சேர்த்து, குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களிலேயே மாலை நடையும் நேரானது. அசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமின் என்ற வேதிப்பொருள் மூளையில் போதிய அளவு உருவாகாததுதான் கோளாறு. லெவோடோபா அதை ஈடுகட்டுகிறது.

எதிர்பாராத ஒன்று: மரபணுச் சோதனையில் டோபமின் உருவாகத் தேவையான ஜி.சி.எச்.1 என்ற மரபணுவில் மாற்றம் அவளிடம் மட்டுமல்ல, என்னிடமும் இருந்தது. எனக்கு எந்த அறிகுறியும் இல்லை. மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வெளிப்படாது, பெண்களிடமே அதிகம் தெரியும் என்றார்கள். இப்போது அவள் தம்பியின் மாலை நடையையும் கவனித்து வருகிறோம்.