புதுப்பிப்பு: சிகாகோ போய் வந்தாயிற்று

ஜூலையில் அப்பா அம்மாவோடு சிகாகோவில் நான்கு நாள் தங்கப்போகிறோம், கார் வாடகைக்கு எடுக்கலாமா, வில்லிஸ் டவர் ஏறலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். கார் வேண்டாம் என்றவர்கள் வாழ்க. ரயிலும் பஸ்ஸுமே போதுமானதாக இருந்தன.

வில்லிஸ் டவரின் 103ஆவது மாடியில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா நேராகப் போய் நின்றார். அம்மா கால் கட்டைவிரலை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார். என்னைக் கேட்டால், அந்தப் பணத்துக்குச் சிகாகோ ஆற்றுப் படகுச் சுற்றுலாவே மேல். இருபுறமும் வானளாவிய கட்டடங்கள், நடுவே பச்சைத் தண்ணீர். மிச்சிகன் ஏரியில் கலந்துகொண்டிருந்த ஆறு இது. நகரின் கழிவுநீர் ஏரியிலிருந்து எடுக்கும் குடிநீரைக் கெடுக்காமலிருக்க, 1900இல் கால்வாய் வெட்டி ஓட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பியிருக்கிறார்கள். பொதுப்பணித் துறையில் இருந்த அப்பாவுக்குக் கட்டடங்கள் கண்ணில் படவேயில்லை, “மதகு எங்கே?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

சிகாகோ கலைக்கூடத்தில் (Art Institute) எதிர்பாராத ஒன்று: விவேகானந்தர் 1893இல் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். அம்மா வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனார்.

தொப்பி எடுத்துப்போகச் சொன்னீர்கள். எடுத்துப்போனேன். இரண்டாம் நாளே ஏரிக்காற்று கொண்டுபோய்விட்டது.